பெரியவர்களுக்கான இலக்கு மருந்தை நான்கு வயதுக் குழந்தைக்குத் தரும்போது: ‘ஆஃப்-லேபிள்’ என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பவை

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு வயதுப் பெண் குழந்தை. பார்வை நரம்புப் பாதையில் மெதுவாக வளரும் வகையைச் சேர்ந்த மூளைக் கட்டி. கார்போபிளாட்டின், வின்கிரிஸ்டின் ஆகிய இரு கீமோதெரபி மருந்துகளையும் கொடுத்து முடித்த சில மாதங்களில் கட்டி மீண்டும் வளரத் தொடங்கியிருக்கிறது. பயாப்சியில் எடுத்த திசுவைப் பரிசோதித்ததில், பிராஃப் என்ற மரபணு இன்னொரு மரபணுவுடன் இணைந்திருப்பது தெரிய வந்திருக்கிறது. மருத்துவர் டிராமெடினிப் என்ற இலக்கு மருந்தை (கட்டியை வளரச்செய்யும் ஒரு குறிப்பிட்ட மூலக்கூறைத் தாக்கும் வகை மாத்திரை) பரிந்துரைத்து, “இந்த நோய்க்கு இந்த மருந்து தனியாக அனுமதி பெறவில்லை, ஆஃப்-லேபிளாகத்தான் தருகிறோம்” என்று கூறிச் சம்மதப் படிவத்தையும் கொடுத்திருக்கிறார். குழந்தையின் தந்தை கேட்பவை மூன்று. எங்கள் மகள் பரிசோதனைக்கு உட்படுத்தப்படுகிறாளா? சட்டப்படி இது சரியா? கையெழுத்திடும் முன் எதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

நான் குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். குழந்தையை நேரில் பார்க்கும் மருத்துவரின் முடிவுக்கு மாற்றாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரிடம் என்ன பேச வேண்டும் என்பதற்கான தயாரிப்பாகப் படியுங்கள்.

முதலில் சட்டம், ஏனெனில் அது எளியது. ஒரு மருந்தின் லேபிள் என்பது, எந்த நோய்க்கு, எந்த வயதினருக்கு, எந்த அளவில், எந்த வடிவத்தில் அந்த மருந்து பலன் தருகிறது என்று தயாரிப்பாளர் சான்றுகளுடன் விண்ணப்பித்து, ஒழுங்குமுறை அமைப்பு ஏற்றுக்கொண்டதன் பதிவு. அதில் சொல்லப்படாத ஒன்று தடை செய்யப்பட்டது என்று பொருள் இல்லை. அதற்காக யாரும் விண்ணப்பிக்கவில்லை, அல்லது போதிய சான்று முன்வைக்கப்படவில்லை என்பதே பொருள். பெரும்பாலான நாடுகளில் ஒழுங்குமுறை அமைப்பு மருந்தின் விற்பனையையும் விளம்பரத்தையும் கட்டுப்படுத்துகிறது. சந்தைக்கு வந்துவிட்ட மருந்தை எந்த நோயாளிக்கு எழுதுவது என்பதை மருத்துவரின் தொழில்முறைப் பொறுப்பில் விட்டுவிடுகிறது. நிறுவனம் தன் மருந்தை லேபிளுக்கு வெளியே விளம்பரப்படுத்தக் கூடாது. மருத்துவர், காரணம் இருந்தால், எழுதலாம். காப்பீட்டு நிறுவனங்கள் இதையே காரணம் காட்டிப் பணம் தர மறுப்பது வேறு கதை. அதற்கு மருத்துவரின் விரிவான கடிதமும் கட்டியின் மரபணு அறிக்கையும் தேவைப்படும் என்பதை மட்டும் இப்போதே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லேபிள் நாட்டுக்கு நாடு மாறும் என்பதையும் கவனிக்க வேண்டும். அதே மருந்து, அதே நோய், அதே வயது. எல்லைக்கு ஒரு பக்கம் அனுமதி பெற்ற சிகிச்சை, மறுபக்கம் ஆஃப்-லேபிள். ஆகவே அந்தச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு சிகிச்சையின் தரத்தை எடைபோட முடியாது.

அடுத்து, பரிசோதனையா என்ற கேள்வி. இல்லை. இன்னும் எங்கும் அனுமதி பெறாத மருந்தைக் கருணை அடிப்படையில் பெறுவது ஒன்று. மருத்துவ ஆய்வில் சேர்வது இன்னொன்று. ஆஃப்-லேபிள் என்பது இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது. ஆனால் பரிசோதனை இல்லை என்பதைக் கேட்டதும் வரும் நிம்மதியோடு ஓர் இழப்பும் சேர்ந்தே வருகிறது என்பதைப் பெற்றோர் பலரும் உணர்வதில்லை. மருத்துவ ஆய்வில் மருந்தின் அளவு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். எந்த நாளில் எந்தப் பரிசோதனை, எந்தப் பக்கவிளைவு வந்தால் அளவைக் குறைப்பது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் தீர்மானிக்கப்பட்டிருக்கும். வெளியிலிருந்து கண்காணிக்க ஒரு குழு இருக்கும். முடிவில் அந்தக் குழந்தையின் அனுபவம் அடுத்த குழந்தைக்குப் பயன்படும்படி பதிவாகும். ஆஃப்-லேபிள் சிகிச்சையில் இவற்றில் எதுவும் தானாக வருவதில்லை. மருத்துவரும் குடும்பமும் சேர்ந்து அந்தச் சட்டகத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாமே இந்த ஒரு வேலையின் கிளைகள்தான்.

குழந்தைகளுக்கு ஏன் இப்படி அடிக்கடி நேர்கிறது? உலகில் ஆண்டுதோறும் 19 வயது வரையிலான ஏறத்தாழ 4 லட்சம் பேருக்குப் புற்றுநோய் வருவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அது டஜன் கணக்கான வெவ்வேறு நோய்களாகப் பிரியும்போது, ஒவ்வொன்றிலும் ஆய்வில் சேர்க்கக் கிடைக்கும் குழந்தைகள் மிகச் சிலரே. நிறுவனங்கள் பெரியவர்களின் நுரையீரல், தோல், மார்பகப் புற்றுநோய்களுக்காகவே மருந்துகளை உருவாக்குகின்றன. அமெரிக்காவில் 1997 முதல் 2017 வரை அனுமதி பெற்ற புற்றுநோய் மருந்துகளை எடுத்துப் பார்த்தவர்கள், ஒரு மருந்து முதன்முதலாகப் பெரியவருக்குக் கொடுக்கப்பட்டதற்கும் முதன்முதலாகக் குழந்தைகளிடம் ஆய்வு தொடங்கியதற்கும் இடையே நடுமதிப்பாக ஆறரை ஆண்டுகள் ஓடிவிட்டதைக் கண்டார்கள். கட்டி அவ்வளவு காலம் காத்திருக்காது. பெரியவர்களின் நோயின் பெயரைச் சொல்லிக் குழந்தைகள் ஆய்விலிருந்து விலக்குப் பெறும் வழியை அடைக்க அமெரிக்கா 2017இல் ஒரு சட்டம் இயற்றியது. 2020 ஆகஸ்ட் முதல், மருந்து தாக்கும் மூலக்கூறு இலக்கு குழந்தைகளின் புற்றுநோய்களிலும் முக்கியமானதாக இருந்தால், நிறுவனம் குழந்தைகளிடமும் ஆய்வு செய்தாக வேண்டும். அதன் பலன்கள் மெல்ல மெல்லத்தான் வருகின்றன.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். ஆஃப்-லேபிள் என்ற ஒரே சொல், ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத நிலைமைகளைக் குறிக்கிறது. லேபிளுக்கும் உங்கள் குழந்தைக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று அளப்பதே நான் வழக்கமாகச் செய்வது.

மிகக் குறைந்த தூரம், நோயும் இலக்கும் ஒன்றாக இருந்து வயது மட்டும் வேறுபடுவது. இமாடினிப் இதற்குச் சரியான உதாரணம். நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு அது 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளுக்கு வருவதும் அதே குரோமோசோம் மாற்றத்தால் விளையும் அதே நோய். அதே குரோமோசோம் மாற்றம் கொண்ட தீவிர லிம்ஃபோசைட் ரத்தப் புற்றுநோயில், கீமோதெரபியுடன் இமாடினிபைச் சேர்ப்பதற்கான குழந்தைகள் அனுமதி 2013இல்தான் வந்தது. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, ஆய்வின் முடிவுகளைப் பார்த்த மருத்துவர்கள் அதைக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அக்காலத்தில் லேபிளுக்காகக் காத்திருப்பதுதான் பிழையாக இருந்திருக்கும்.

அடுத்த தூரம், நோய் வேறு, இலக்கு ஒன்று. ஒரு வகை நோயெதிர்ப்புச் செல்கள் அளவுமீறிப் பெருகும் லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸ் என்ற நோயில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, பெரியவர்களின் மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் காணப்படும் அதே பிராஃப் வி600இ பிறழ்வு (பிராஃப் மரபணுவின் ஓரிடத்தில் நேரும் மாற்றம்) இருப்பது 2010இல் தெரிய வந்தது. மெலனோமாவுக்கான வெமுராஃபெனிபை, மற்ற சிகிச்சைகளுக்குப் பணியாத 54 குழந்தைகளுக்கு 12 நாடுகளில் ஆஃப்-லேபிளாகக் கொடுத்துப் பதிவு செய்தார்கள். அனைவருக்கும் நோய் முழுமையாகவோ பகுதியாகவோ அடங்கியது. ஆனால் மருந்தை நிறுத்திப் பார்த்த 30 பேரில் 24 பேருக்கு நோய் திரும்பியது. மருந்து நோயை அடக்குகிறது, வேரறுக்கவில்லை என்ற பெரிய பாடம் இந்தச் சிறிய பதிவிலிருந்து கிடைத்தது. அந்த 54 குழந்தைகளின் மருத்துவர்கள் தத்தம் கோப்புகளில் மட்டும் எழுதிவைத்து மூடியிருந்தால் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

மூன்றாவது, மிக நீண்ட தூரம்: மரபணு அறிக்கையில் ஏதோ ஒரு பிறழ்வு இருக்கிறது, அதைத் தாக்கக்கூடிய மருந்து ஒன்று சந்தையில் இருக்கிறது, ஆய்வகத்தில் செல்களிடம் வேலை செய்திருக்கிறது, இவ்வளவுதான் ஆதாரம். ஜெர்மனியின் தலைமையில் நடந்த இன்ஃபார்ம் பதிவாய்வு இங்கே நிதானம் கற்றுத் தருகிறது. நோய் திரும்பிய 519 குழந்தைகளிலும் இளையோரிலும், மிக உயர்ந்த தரமான இலக்கு கிடைத்தவர்கள் 8 சதவீதம் மட்டுமே. அவர்களில் அந்த இலக்குக்குப் பொருந்திய மருந்தைப் பெற்றவர்களிடம் நோய் முன்னேறாதிருந்த காலத்தின் நடுமதிப்பு சுமார் 204 நாட்கள்; மற்றவர்களிடம் 117 நாட்கள். அதற்குக் கீழான தரத்தில் இருந்த இலக்குகளைத் துரத்தியதில் குறிப்பிடத்தக்க ஆதாயம் தெரியவில்லை. மரபணு அறிக்கையின் பக்க எண்ணிக்கையைப் பார்த்து நம்பிக்கை கொள்ளக் கூடாது. அதில் எந்த வரி எந்தத் தரத்தைச் சேர்ந்தது என்பதே கேட்க வேண்டியது.

உங்கள் மகளின் நிலை முதல் இரண்டுக்கும் நடுவில், நல்ல பக்கமாகவே இருக்கிறது. அதை விளக்கும் முன், ‘இலக்கு ஒன்றுதான்’ என்று நினைத்து ஏமாந்த ஒரு நிகழ்வைச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது இதே வகைக் கட்டியில் நடந்தது.

பிராஃப் என்பது செல்லுக்குள் ‘வளர்’ என்ற செய்தியைக் கைமாற்றிக்கொண்டு போகும் சங்கிலியில் ஒரு கண்ணி. குழந்தைகளின் மெதுவாக வளரும் மூளைக் கட்டிகளில் அது இரண்டு விதமாகக் கெட்டுப்போகிறது. ஒன்று வி600இ என்ற புள்ளிப் பிறழ்வு. இதில் கெட்டுப்போன புரதம் தனி ஆளாகவே வேலை செய்யும். மற்றொன்று உங்கள் மகளுக்கு இருப்பதுபோன்ற மரபணு இணைவு. இதில் புரதங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து வேலை செய்யும். வெமுராஃபெனிப், டாப்ராஃபெனிப் போன்ற முதல் தலைமுறை மருந்துகள் தனியாக நிற்கும் புரதத்தைக் கச்சிதமாக அடக்கிவிடும். ஜோடியாக நிற்பவற்றிலோ, ஒன்றைப் பிடித்துக்கொண்டதும் அதன் இணை முன்னைவிட வேகமெடுக்கிறது. ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்றைப் பிடித்து நிறுத்தினால் மற்றதும் நின்றுவிடும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். இங்கே நடப்பது அதற்கு நேர்மாறானது. இதே சங்கிலியைத் தடுக்கும் என்று நம்பி, சொராஃபெனிப் என்ற மருந்தை மெதுவாக வளரும் மூளைக் கட்டி கொண்ட குழந்தைகளிடம் ஆய்வு செய்தார்கள். 2014இல் வெளியான முடிவின்படி, சேர்ந்த 11 பேரில் 9 பேருக்குக் கட்டி வளர்ந்தது, அதுவும் எதிர்பாராத வேகத்தில். ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது.

அது ஆய்வாக இருந்ததால் பதினொரு குழந்தைகளோடு நின்றது. ஆளுக்கொரு மருத்துவமனையில் ஆஃப்-லேபிளாகக் கொடுக்கப்பட்டிருந்தால், ஒவ்வொரு மருத்துவரும் “நோயின் போக்கு அப்படி” என்று நினைத்துக்கொண்டிருப்பார். மருந்தின் மேல் சந்தேகம் விழ எத்தனை குழந்தைகள் தேவைப்பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. மரபணுவின் பெயர் பொருந்தினால் மட்டும் போதாது, அது எந்த விதத்தில் கெட்டிருக்கிறது என்பதும் பொருந்த வேண்டும். ஆகையால் உங்கள் முதல் கேள்வி இப்படி இருக்கட்டும்: “அறிக்கையில் இருப்பது இணைவா, வி600இயா? நீங்கள் தரும் மருந்து அந்த வகையில் வேலை செய்யும் என்பதற்குக் குழந்தைகளிடமிருந்தே சான்று உண்டா?”

டிராமெடினிப் விஷயத்தில் இதற்கு மருத்துவர் தயங்காமல் பதில் சொல்ல முடியும். அது பிராஃபுக்கு அடுத்த கண்ணியான மெக் என்ற புரதத்தைத் தடுக்கிறது. மேலே எப்படிக் கெட்டிருந்தாலும் செய்தி அந்த வழியாகத்தான் போயாக வேண்டும் என்பதால், ஜோடியின் சிக்கல் இங்கே எழுவதில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த செலுமெடினிபை, பிராஃப் மாற்றம் கொண்டு மீண்டும் வளர்ந்த பைலோசைட்டிக் கட்டிகளில் (மெதுவாக வளரும் மூளைக் கட்டிகளில் ஒரு வகை) 25 குழந்தைகளுக்குக் கொடுத்தபோது 9 பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. வி600இ வகைக்கு டாப்ராஃபெனிபையும் டிராமெடினிபையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வில் 47 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. கார்போபிளாட்டின், வின்கிரிஸ்டின் பெற்றவர்களில் அது 11 சதவீதம். அந்தச் சேர்க்கைக்கு 2023 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு வயது முதல் அனுமதி கிடைத்தது. எனினும் அந்த அனுமதி வி600இக்கு மட்டும் உரியது. “டாப்ராஃபெனிபும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லதல்லவா” என்று உறவினர் யாராவது எங்கோ படித்துவிட்டுச் சொன்னால், உங்கள் மகளின் வகைக்கு அது பொருந்தாது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

டிராமெடினிபின் அளவு குறித்துச் சற்று விரிவாகவே பேசுகிறேன், ஏனெனில் என் வேலையின் பெரும்பகுதி இதில்தான் கழிகிறது. குழந்தை என்பது சிறிய உருவில் இருக்கும் பெரியவர் அல்ல என்று எல்லோரும் சொல்வார்கள்; கணக்கில் அது எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். பெரியவர்களுக்கு டிராமெடினிப் நாளொன்றுக்கு 2 மி.கி. குழந்தைகள் ஆய்வில், 6 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.025 மி.கி. போதுமானதாக இருந்தது. 6 வயதுக்குக் கீழே அதே அளவைக் கொடுத்தால் ரத்தத்தில் மருந்து போதிய அளவுக்கு ஏறவில்லை, கிலோவுக்கு 0.032 மி.கி. தேவைப்பட்டது. வயது குறையக் குறைய உடல் இம்மருந்தை வேகமாக வெளியேற்றுகிறது. உங்கள் மகளின் எடை 16 கிலோ என்றால், 16ஐ 0.032ஆல் பெருக்க 0.51 மி.கி. வருகிறது; 0.5 மி.கி. மாத்திரை ஒன்று கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் பெரியவர் அளவை எடை விகிதத்தில் பிரித்துப் போடலாம் என்று யாரேனும் நினைத்திருந்தால், பிழையான திசையில், அதாவது குறைவாகவே, கொடுத்திருப்பார்கள். கைக்குழந்தைகளிடம் நிலைமை தலைகீழாகவும் ஆகலாம்; பல மருந்துகளை உடைக்கும் கல்லீரல் நொதிகள் பிறந்த முதல் மாதங்களில் முதிர்ந்திருக்காது, மருந்து தேங்கும். வேறு சில மருந்துகளுக்கு எடை அல்ல, உடல் பரப்பளவுதான் கணக்கு: 100 செ.மீ. உயரமும் 16 கிலோ எடையும் கொண்ட குழந்தையின் பரப்பளவு 0.67 சதுர மீட்டர். இமாடினிப் சதுர மீட்டருக்கு 340 மி.கி. என்றால் 227 மி.கி. வரும், கையில் இருப்பதோ 100 மி.கி. மாத்திரை. இந்த இடைவெளியை எந்தப் பக்கம் சரிக்கட்டுவது என்பது ஊகத்துக்கு விடத்தக்கதல்ல. மேலும் குழந்தை வளர்கிறது. ஒவ்வொரு வருகையிலும் எடையைப் பார்த்து அளவைத் திரும்பக் கணக்கிட வேண்டும். ஆறு மாதத்துக்கு முந்தைய சீட்டையே நகலெடுத்து மருந்து வாங்கிக்கொண்டிருப்பது ஆஃப்-லேபிள் சிகிச்சையில் நான் அடிக்கடி காணும் தவறு.

மாத்திரையை நான்கு வயதுக் குழந்தை விழுங்க மறுக்கும். பெற்றோர் உடனே செய்வது, இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் வைத்து நசுக்கி ஏதாவது இனிப்பில் கலப்பது. டிராமெடினிப் மாத்திரையை நசுக்கக் கூடாது. வெறும் வயிற்றில், உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ தர வேண்டும். ஒரு மில்லிக்கு 0.05 மி.கி. கொண்ட குடிக்கும் திரவ வடிவமும் உண்டு. உங்கள் மகளுக்கு அதில் 10 மில்லி, ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து. தூளில் நீர் சேர்த்துத் தயாரித்த அந்தத் திரவத்தை 35 நாட்களுக்குப் பின் கொட்டிவிட வேண்டும். அது உங்கள் நாட்டில் கிடைக்குமா என்று முதல் நாளே கேளுங்கள். எல்லா மருந்துக்கும் ஒரே விதி என்றும் நினைக்காதீர்கள். இமாடினிப் மாத்திரையை நீரில் கரைத்துக் கொடுக்க அதன் லேபிளே அனுமதிக்கிறது. வீட்டில் கர்ப்பிணி யாரேனும் இருந்தால், இத்தகைய மருந்துகளின் தூளையும் கரைசலையும் அவர் கையாளக் கூடாது.

பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகள் ஒருபோதும் சொல்லித்தர முடியாத ஒன்று உண்டு: வளர்ந்துகொண்டிருக்கும் உடல் இம்மருந்துக்கு என்ன விலை கொடுக்கிறது என்பது. இலக்கு மருந்துகள் தடுக்கும் செய்திச் சங்கிலிகள் கட்டிக்கென்று தனியாகப் படைக்கப்பட்டவை அல்ல. எலும்பும் மூளையும் வளர்வதும் அவற்றின் வழியாகத்தான். பெரியவரிடம் அந்த வழி பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், குழந்தையிடம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். விஸ்மோடெகிப் இதன் கொடிய உதாரணம். பெரியவர்களின் ஒரு தோல் புற்றுநோய்க்கு 2012இல் வந்த அந்த மருந்து, குழந்தைகளின் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோயின் ஒரு வகையிலும் அதே சங்கிலியைத் தாக்குகிறது. ஆனால் அதைப் பெற்ற குழந்தைகளின் எலும்பு நுனிகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டுகள் காலத்துக்கு முன்பே மூடிக்கொண்டன. சிலருக்கு மருந்தை நிறுத்திய பிறகும் அது தொடர்ந்தது. வளர்ச்சி முடிந்த எலும்புடையவர்களுக்கு மட்டுமே இவ்வகை மருந்து என்று இப்போது வரையறுத்திருக்கிறார்கள். இமாடினிப் உள்ளிட்ட ரத்தப் புற்றுநோய் மாத்திரைகளை நெடுங்காலம் உட்கொண்ட குழந்தைகளுக்கு, அதிலும் பருவமடையும் முன்பே தொடங்கியவர்களுக்கு, உயரம் கூடுவது மந்தமாகிறது. ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துகளில் தைராய்டு சுரப்பு குறைவதும் ரத்த அழுத்தம் ஏறுவதும் உண்டு.

மெக் தடுப்பான்களில் அன்றாடம் தொல்லை தருபவை தோலும் நகமும்தான். சிறு குழந்தைகளுக்கு எக்சிமா போன்ற வறட்சி, வளரிளம் பருவத்தினருக்கு முகப்பரு போன்ற கொப்புளங்கள், நகக்கண் சிவந்து சீழ்பிடித்தல். இவற்றால் உயிருக்கு ஆபத்தில்லை; ஆனால் கால் பெருவிரல் வீங்கிச் செருப்புப் போட முடியாமல் அழும் குழந்தையைப் பார்த்துவிட்டுப் பெற்றோர் யாரிடமும் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். களிம்பும் பராமரிப்பும் முதல் நாளிலிருந்தே வேண்டும். அரிதான, ஆனால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய விளைவுகள் இரண்டு: இதயத் துடிப்பின் விசை குறைவது, விழித்திரையில் மாற்றம் வருவது. இரண்டுமே தொடக்கத்தில் குழந்தைக்குத் தெரியாது, தெரிந்தாலும் நான்கு வயதில் சொல்லத் தெரியாது. மருந்து தொடங்கும் முன் ஒரு எக்கோ (இதயத்தின் ஸ்கேன்), ஒரு கண் பரிசோதனை, பின்பு குறித்த இடைவெளிகளில் மீண்டும் அவை. பார்வை நரம்பிலேயே கட்டி இருக்கும் குழந்தைக்கு, பார்வை மங்குவது கட்டியாலா மருந்தாலா என்ற கேள்வி எழும் என்பதால், தொடக்க நிலைப் பரிசோதனையைத் தவறவிட்டால் பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

மற்ற மருந்துகளோடு மோதுவது பற்றிச் சுருக்கமாக. மூளைக் கட்டிக் குழந்தைகள் பலர் வலிப்பு மருந்தில் இருப்பார்கள். பெனிடோயின், கார்பமசெபின் போன்றவை கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிட்டுப் பல இலக்கு மருந்துகளை ரத்தத்திலிருந்து விரைவாக வெளியேற்றிவிடும். லெவெடிராசெட்டம் அப்படிச் செய்யாது. பூஞ்சைத் தொற்றுக்கான வோரிகோனசோல், போசகோனசோல் ஆகியவை எதிர்த்திசையில் மருந்தைத் தேக்கிவிடும். டிராமெடினிப் வேறு வழியில் சிதைவதால் இந்தச் சிக்கல் அதில் குறைவு; இமாடினிப், டாப்ராஃபெனிப் போன்றவற்றில் அதிகம். குழந்தை உட்கொள்ளும் அனைத்தையும், சத்து டானிக்கையும் மூலிகைச் சூரணத்தையும் விடாமல், ஒரே தாளில் எழுதி மருந்தாளுநரிடம் கொடுங்கள். மறைத்துக் கொடுக்கப்படும் சூரணம்தான் என்னைப் போன்றவர்களை அதிகம் கவலைப்பட வைப்பது.

சம்மதப் படிவத்துக்கு வருவோம். பல இடங்களில் ஆஃப்-லேபிள் சிகிச்சைக்கான படிவம், மருத்துவமனையைப் பாதுகாக்கும் நோக்கில் எழுதப்பட்ட ஒரு பக்கமாகவே இருக்கிறது. அந்தத் தாளில் இல்லாதவற்றைத்தான் நீங்கள் பேசிப் பெற வேண்டும். கட்டியின் அளவை எம்ஆர்ஐயில் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பீர்கள்? எதை வெற்றி என்பீர்கள்: சுருங்குவதையா, வளராமல் நிற்பதையா, பார்வை குறையாமலிருப்பதையா? இவ்வகைக் கட்டியில் வளராமல் நிற்பதே நல்ல விளைவு என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளாவிட்டால், முதல் எம்ஆர்ஐக்குப் பிறகு வீண் ஏமாற்றம் வரும். எந்தப் பக்கவிளைவுக்கு மருந்தை நிறுத்தி வைப்பீர்கள், எதற்கு அளவைக் குறைப்பீர்கள்? எவ்வளவு காலம் கொடுக்கத் திட்டம்? இந்தக் கடைசிக் கேள்விக்கு மருத்துவ உலகிடம் இன்னும் உறுதியான பதில் இல்லை. இரண்டு ஆண்டுகள் போன்ற வரம்புகள் ஆய்வுகளின் வசதிக்காக வைக்கப்பட்டவை, நிறுத்தியபின் கட்டி மீண்டும் வளர்வதும் உண்டு. மருத்துவர் அதை ஒளிக்காமல் சொன்னால் அவர்மேல் நம்பிக்கை கூட வேண்டும், குறையக் கூடாது. குழந்தை சற்றுப் பெரியவளானால் அவளிடமும் அவள் வயதுக்கேற்ப விளக்க வேண்டும். மாத்திரை எதற்கென்று தெரிந்த குழந்தை அதை மறைத்துத் துப்புவது குறைவு.

இந்தச் சிகிச்சை எங்கே பதிவாகும் என்றும் கேளுங்கள். பிரான்சில் 2020 முதல், ஆய்வில் சேர முடியாமல் ஆஃப்-லேபிளாகவோ கருணை அடிப்படையிலோ புதிய மருந்து பெறும் குழந்தைகளின் விவரங்களை சாஷா என்ற திட்டத்தின் கீழ் முறையாகத் திரட்டுகிறார்கள். அப்படியொரு பதிவேடு உங்கள் மருத்துவமனைக்கு எட்டாவிட்டாலும், பல மருத்துவர்கள் கூடி முடிவெடுக்கும் கட்டிகள் குழுவில் உங்கள் மகளின் நிலை விவாதிக்கப்பட்டதா, அதன் குறிப்பு கோப்பில் இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை. ஒரே மருத்துவர் தனியாக எடுத்த முடிவைவிட அது உறுதியானது.

நீங்கள் விவரித்த அளவில், மருத்துவரின் பரிந்துரை நியாயமானது என்றே கருதுகிறேன். இலக்கு சரியாகப் பொருந்துகிறது, அளவு குழந்தைகளிடமே கண்டறியப்பட்டது, மருந்துக் குடும்பத்துக்குக் குழந்தைகளிடம் சான்று இருக்கிறது. லேபிளுக்கும் உங்கள் மகளுக்கும் இடையிலான தூரம் குறைவு. ஆனால் கையெழுத்திடும் முன் இரண்டைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். முதலாவது, இதே இணைவு கொண்டு மீண்டும் வளர்ந்த கட்டிக்கென்று டோவோராஃபெனிப் என்ற மருந்து 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் 6 மாதக் குழந்தை முதல் அனுமதி பெற்றிருக்கிறது. ஜோடியாக நிற்கும் புரதங்களையும் அடக்கும்படி உருவான மருந்து அது, ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கட்டியைச் சுருக்கியது. வளர்ச்சி வேகத்தை மட்டுப்படுத்துவதும் தலைமுடியின் நிறத்தை மாற்றுவதும் அதன் பக்கவிளைவுகள். அது உங்கள் நாட்டில் கிடைக்குமா, கிடைத்தால் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேளுங்கள். இரண்டாவது, எட்டக்கூடிய தொலைவில் உங்கள் மகளைச் சேர்த்துக்கொள்ளும் மருத்துவ ஆய்வு ஏதேனும் திறந்திருக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். இலக்கு மருந்து ஒன்றை ஏற்கெனவே தொடங்கிவிட்டவர்களைச் சில ஆய்வுகள் சேர்த்துக்கொள்வதில்லை; ஆகவே இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய நேரம் முதல் மாத்திரைக்கு முன்பு.